தேனீயிடம் டிக்கெட் கேட்டவர்

இந்த மும்பையில் எத்தனையோ ஜனங்கள் இருக்கிறார்கள். தேனீயிடம் டிக்கெட் கேட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் செம்பூரில் எங்கள் கட்டடத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே, முதல் மாடியில் குடியிருந்தார். வீரர்கள், ராஜாக்கள், விஞ்ஞானிகள் என்று பெரிய பெரிய ஆட்களைப் பற்றி நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், பிள்ளைகளே. எங்கள் டீசி அண்ணாச்சி எந்தப் பாடத்திலும் வரமாட்டார். அதனால்தான் பத்தாவது வரை படித்து, தாராவியில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிற நான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டீசி என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும். லோக்கல் ரயில் ஸ்டேஷனில், பாலத்தில் இறங்கும் இடத்தில், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பாரே, அவர்தான். ஆயிரம் பேர் இறங்கினாலும் டிக்கெட் எடுக்காத ஒருவனைச் சரியாகத் தோளில் தட்டுவார். எங்கள் அண்ணாச்சி வேலை பார்த்த காலம் முழுக்க அந்தத் தட்டுதலைத்தான் செய்தார். அவருடைய சொந்தப் பெயர் கீழே லெட்டர் பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு மழையில் அது அழிந்துபோனது. திரும்ப எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. முகம்தான் அப்படி. உலகத்தில் உள்ள எல்லாச் சாக்குகளையும் முன்பே கேட்டு முடித்துவிட்ட முகம். ரிட்டயர் ஆன பிறகும் அது மாறவில்லை. அவர் லிஃப்டில் ஏறினால் உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையைத் தடவுவார்கள். மாதுங்காவில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், பழக்க தோஷத்தில் மண்டப வாசலில் ஓரமாக நின்றார். வந்தவர்கள் எல்லாரும் பத்திரிகையை எடுத்து அவரிடம் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் பத்திரிகையை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். அவர் சுற்றிக்கொண்டு சமையல்கட்டு வழியாக உள்ளே வந்தாராம்.

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடி ஒளிவார்கள். என் மகளுக்கு மாடிப்படிக்குப் பின்னால் ஓர் இடம் உண்டு. "ஏன் பாப்பா, அவர் உன்னை என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல. ஆனா எங்கிட்ட டிக்கெட் இல்லப்பா," என்றாள்.

அண்ணாச்சிக்கு மனைவி இல்லை. மகன் கடலோடையைத் தாண்டி வாஷியில் இருந்தான். பேச ஆளில்லாமல் அண்ணாச்சி காலையும் மாலையும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நடப்பார். அங்கேதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு நீளமான மண் துண்டு உண்டு. அகலம் ஒரு பாய் விரிக்கிற அளவு. கட்டடத்துக் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் தோட்டக்காரர், அவரை மாலி என்போம், அதில் அழகுக்கு ஏதோ வெளிநாட்டுச் செடி வைத்திருந்தார். பளபளவென்று இலை இருக்கும், வண்ணம் இருக்கும். ஆனால் ஒரு பூச்சி எட்டிப் பார்க்காது. என் மனைவி மட்டும் ஓர் ஓரத்தில் பூசணி விதை போட்டுச் சுவரில் ஏற்றிவிட்டிருந்தாள். கொடி நன்றாகப் படர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. பூவுக்குக் கீழே கோலிக்குண்டு போல் பிஞ்சும் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு நாளில் பழுத்து உதிர்ந்தது.

அண்ணாச்சி நடையை நிறுத்திவிட்டு உதிர்ந்த பிஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஏன் விழுது?"

"தேனீ வந்து ஆண் பூவுல உக்காந்து பெண் பூவுக்குப் போனாத்தானே அண்ணாச்சி காய் நிக்கும்? இங்க எங்க ஈ இருக்கு? கொசுதான் இருக்கு," என்றாள் என் மனைவி. அவள் திருநெல்வேலிப் பக்கம், தோட்டம் துரவு தெரிந்தவள். அண்ணாச்சிக்கும் ஊர் அந்தப் பக்கம்தான். ஆனால் பால் பல் விழுமுன்பே தாராவிக்கு வந்துவிட்டார்.

அண்ணாச்சி யோசித்தார். பிறகு தன் பாஷையில் சொன்னார்: "அப்ப வண்டி சரியாத்தான் ஓடுது. பாசஞ்சர்தான் வரல."

"பூசணிப் பூ காலையில கொஞ்ச நேரந்தான் தெறந்திருக்கும். அதுக்காக ஈ எங்கேருந்தோ வருமா? நாள் பூரா ஏதாவது பூத்துக் கெடந்தா வரும். எங்க ஊர்ல வேலி ஓரம் பூரா தும்பதான். எப்பப் பாத்தாலும் ஈ மொய்க்கும்."

அவள் சும்மா பேச்சுக்குச் சொன்னாள். அண்ணாச்சி அதை ரயில்வே உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

மறுநாளே ஹார்பர் லைனில் மான்குர்த் வரை போனார். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், தண்டவாள ஓரத்தில், வெள்ளைப் பூவோடு ஒரு செடி கூட்டமாக நிற்பதை வேலை பார்த்த நாளில் பார்த்திருக்கிறார். அதுதான் தும்பை என்று அவராக முடிவு செய்து, ஒரு கோணிப்பை நிறையப் பிடுங்கி வந்து, மாலிக்குத் தெரியாமல் நட்டார். ஒரு வாரத்தில் கட்டடமே தும்மியது. கீழ் வீட்டில் ஆரம்பித்த தும்மல் மொட்டை மாடி வரை போனது. பால்காரர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சியின் முழங்கை இரண்டும் அரிப்பெடுத்துச் சிவந்து கிடந்தன.

என் மனைவி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அண்ணாச்சி, இது தும்ப இல்ல. பார்த்தீனியம். விசச்செடி. வெளிநாட்லேருந்து வந்து எல்லாத்தையும் அழிக்குத சனியன்."

"வெள்ளையாத்தானே பூத்திருக்கு?"

"வெள்ளையாப் பூத்தா தும்பயா? அப்ப மல்லியும் தும்பதான்."

அண்ணாச்சி தானே கையுறை போட்டு எல்லாவற்றையும் பிடுங்கினார். சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினார். அதோடு விடுவார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு என் மனைவியைக் கையோடு மான்குர்த்துக்குக் கூட்டிப் போனார். போகும்போது, "டிக்கெட் எடுத்தாச்சா தங்கச்சி?" என்று கேட்டாராம். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நாலு பேர் சத்தமில்லாமல் டிக்கெட் கவுண்டரைப் பார்த்துப் போனார்களாம்.

இந்த முறை அசல் தும்பை வந்தது. முழங்கால் உயரம். நீள இலை. தண்டு முழுக்க இடைவெளி விட்டுப் பச்சைப் பந்து. ஒவ்வொரு பந்திலும் அரிசி போலச் சின்ன வெள்ளைப் பூக்கள். பார்த்தால் களை என்றுதான் தோன்றும். மாலிக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் காலையில் பாதிச் செடியைக் காணோம்.

"யே தோ கச்ரா தா, சாப்," என்றார் மாலி. குப்பைதானே, சாமி என்று அர்த்தம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அவருடைய பழைய கூட்டாளி யாரிடமோ கேட்டு ஒரு தகரப் பலகை கொண்டு வந்து மண்ணில் நட்டார். அதில் 'ரிசர்வ்ட்' என்று எழுதியிருந்தது. மும்பையில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. மாலி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மண்வெட்டியைக் கொண்டு போகவே இல்லை. மிச்சம் இருந்த தும்பை அந்த மழையில் பரவி, மழை வெறிக்கும்போது துண்டு நிலம் முழுக்க வெள்ளையாகப் பூத்தது.

தேனீ வந்தது.

முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு எண்ண முடியாத கூட்டம். கொசு அளவே இருக்கிற கறுப்புத் தேனீ, வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி என்று எங்கே இருந்தன இவையெல்லாம் என்று தெரியவில்லை. அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். பீரோவில் தொங்கிய கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். டூட்டி என்றால் டூட்டிதானே.

அங்கேதான் தப்பு நடந்தது. தேனீக்குக் கறுப்பு ஆகாது. கறுப்பாக, பெரிதாக ஏதாவது கிட்டே வந்தால் கூட்டைக் கலைக்க வந்த மிருகம் என்று நினைத்துக்கொள்ளும். கோட்டைப் பார்த்ததும் ஒரு தேனீ அவர் காதில் கொட்டியது, இன்னொன்று மூக்கில். அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூக்கு தக்காளியாக இருந்தது. ஆனால் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

"தம்பி, இத்தன வருசம் இந்தக் கோட்டப் பாத்து ஜனம் அந்தப் பக்கம் ஓடிச்சு. மொத மொதலா ஒண்ணு இந்தப் பக்கம் வந்திருக்கு."

"கொட்ட வந்திருக்கு அண்ணாச்சி."

"கொட்டட்டுமே. வந்துச்சா இல்லியா?"

மறுநாளிலிருந்து வெள்ளை பனியன், வெள்ளை வேட்டி. பிறகு கொட்டவே இல்லை. தினமும் காலையில் அவர் பூவுக்குப் பூ குனிந்து, வருகிறவர்களைச் சோதித்தார். தினம் வருகிற சின்னத் தேனீக்கு 'பாஸ் ஹோல்டர்' என்று பேர். வண்ணத்துப்பூச்சி 'ஃபர்ஸ்ட் கிளாஸ்'. எறும்பு ஒன்றுதான் அவருக்கு ஆகாது.

"பாருடே, தண்டு வழியா திருட்டுத்தனமா ஏறுதான். தேனக் குடிக்கான். மகரந்தத்தத் தொடாமலே எறங்கிப் போறான். முழு வித்தவுட்," என்று சொல்லி எறும்பை ஒரு துரும்பால் தள்ளிவிடுவார். தள்ளிய இடத்திலிருந்து எறும்பு மறுபடி ஏறும். அவர் மறுபடி தள்ளுவார். மதியம் வரை இந்த வழக்கு நடக்கும்.

பிள்ளைகளே, தும்பைப் பூ கிடைத்தால் கிட்டே வைத்துப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளை நாக்கு நீண்டிருக்கும். அது தேனீ இறங்குகிற பிளாட்பாரம். மேலே சின்னக் கூரை. தேனீ நாக்கில் கால் வைத்துத் தலையை உள்ளே நுழைத்ததும், கூரைக்குள் இருக்கிற மகரந்தப் பொடி அதன் தலையிலும் முதுகிலும் ஒட்டும். அடுத்த பூவுக்குப் போகும்போது அந்தப் பொடி அங்கே சேரும். சேர்ந்தால்தான் விதை. இதைப் பார்த்துப் பார்த்து அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார்: "நான் டீசி இல்ல தம்பி. பூதான் டீசி. முதுகுல தட்டி முத்திர போட்டு அனுப்புது. ஒருத்தரும் கோவிச்சுக்கல பாரு."

அந்த வருடம் என் மனைவியின் பூசணியில் முதல் முறையாக ஒரு பிஞ்சு நின்றது.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் அது எங்கள் சொசைட்டியே இல்லை. செக்ரட்டரி வந்தார். அவர் பாலக்காட்டுக்காரர், பெரிய கம்பெனியில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். மண் துண்டை மூடிக் கல் பதித்து, அங்கே பைக் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு காலத்தில் அண்ணாச்சி அவரையே குர்லா பாலத்தில் பாஸ் முடிந்துபோனதென்று நிறுத்தி வைத்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையா தெரியாது. ஆனால் அவர் அண்ணாச்சியைப் பார்க்கும்போதெல்லாம் பர்ஸ் இருக்கிற பக்கமாகத் திரும்பி நிற்பார்.

மொட்டை மாடியில் மீட்டிங் நடந்தது.

"ஒரு ஸொசைட்டின்னா டிஸிப்ளின் வேணும் கேட்டேளா," என்றார் செக்ரட்டரி. "வாசல்ல களையை வளர்த்துண்டு, அதுல ஈயை வளர்த்துண்டு. நாளைக்குக் குழந்தைகளைக் கொட்டினா யாராக்கும் பதில் சொல்றது?"

எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். ஆயிரம் பேரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "கொட்டாது. கறுப்புப் போடாம வந்தாப் போதும்," என்று மட்டும் சொன்னார். கறுப்புச் சட்டை போட்டிருந்த நாலு பேர் உடனே கல்லுக்குக் கை தூக்கினார்கள்.

அப்போது என் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடி மாமியிடம் மெதுவாகச் சொன்னாள்: "மாமி, அது களையில்ல. தும்ப. சிவனுக்குப் போடுத பூ."

மாமி நிமிர்ந்தார். அவர் பாலக்காட்டு மாமி. பிரதோஷம், சோமவாரம் ஒன்று விடமாட்டார். தும்பைப் பூ வேண்டும் என்று மாதுங்கா கோயில் வாசல் வரை ரயிலேறிப் போய், இலையில் மடித்த ஒரு சிட்டிகைப் பூவைப் பத்திரமாகக் கொண்டு வருகிறவர்.

"தும்பையா? நம்ம வாசல்லயா? நான் இத்தனை நாள் மாதுங்காவுக்குன்னா போயிண்டிருந்தேன்," என்றவர் செக்ரட்டரி பக்கம் திரும்பினார். "பகவானோட பூவுக்கு மேல கல்லைப் பதிச்சு, அதுக்கு மேல பைக்கை நிறுத்தப் போறேளா? நடக்கட்டும். முதல் பைக் யாரோடதுன்னு மட்டும் சொல்லிடுங்கோ."

முதல் பைக் என்னுடையது என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மழை வரை பார்ப்போம், செடி தானாக முளைத்தால் இருக்கட்டும், முளைக்காவிட்டால் கல் பதிப்போம் என்று முடிவானது. அண்ணாச்சி அன்று எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

மறுநாள் காலையில் அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, செடியில் ஒரு பூ இல்லை.

விடிவதற்கு முன்பே மாமி வந்து பறித்துப் போயிருந்தார். அடுத்த நாள் மாமியோடு இன்னும் இரண்டு மாமிகள் வந்தார்கள். கார்த்திகை பிறந்ததும் அடுத்த கட்டடத்திலிருந்தும் வந்தார்கள். விடியுமுன் பறிப்பதற்குக் காரணம் உண்டு. தேனீ வாய் வைத்த பூ எச்சில். எச்சில் பூவைச் சாமிக்குச் சாத்தக் கூடாது. அதனால் தேனீ எழுந்திருக்கும் முன் இவர்கள் எழுந்துவிட்டார்கள்.

தேனீக்கள் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்தன. பச்சைப் பந்துகளைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. போய்விட்டன. சில நாளில் வருவதையே நிறுத்தின. அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ளிவிட எறும்புகூட இல்லை. புதிதாக வந்த பூசணிப் பிஞ்சுகள் மறுபடி பழுத்து விழ ஆரம்பித்தன.

"மாமிட்ட சொல்லுங்களேன் அண்ணாச்சி," என்றேன்.

"எப்படிச் சொல்லுவேன்? அவுக இல்லன்னா அன்னைக்கே கல்லு வந்திருக்கும்."

என் மனைவி காய்ந்துபோன ஒரு தும்பைப் பந்தைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினாள். ஊதினாள். எல்லாம் பறந்தது. ஒரு விதைகூட இல்லை. "பதரு," என்றாள். "வெள்ளப் பூவ ஈ தொடுமுன்ன உருவிட்டா வித எப்படிப் பிடிக்கும்? தும்ப ஒரு வருசச் செடி அண்ணாச்சி. தையில காஞ்சிரும். வித விழுந்தாத்தான் அடுத்த மழைக்கு முளைக்கும்."

முளைக்காவிட்டால் கல். மீட்டிங்கில் பேசியது அதுதான். அண்ணாச்சியின் முகம் முதல் முறையாக, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் முகம் போல் ஆனது.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கூட வா. நான் தனியாப் போய் மணி அடிச்சா கதவத் தெறக்க மாட்டாக."

மூன்றாம் மாடிக்குப் போனோம். வழி முழுக்க அண்ணாச்சி எதையோ முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமி கதவைத் திறந்தார். அண்ணாச்சியைக் கண்டதும் மாமியின் கை தானாக இடுப்பில் சொருகிய பர்ஸைத் தேடியது.

"டிக்கெட் கேக்க வரல மாமி," என்றார் அண்ணாச்சி.

"பின்னே என்னவாக்கும் வேணும்?"

முணுமுணுத்து வைத்ததெல்லாம் அண்ணாச்சிக்கு மறந்துபோனது. கையில் இருந்த காய்ந்த பந்தை நீட்டினார். "இதக் கசக்கிப் பாருங்க."

மாமி கசக்கினார். "ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்ல. அதாம் சொல்ல வந்தேன்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

விதை, மழை, கல் எல்லாவற்றையும் நான் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டார். ஆனால் தலையை ஆட்டினார்.

"எல்லாம் சரி. அதுக்காக ஈ குடிச்ச பூவை ஸ்வாமிக்குச் சாத்த முடியுமோ? எச்சிலாக்கும் அது. எங்காத்துல அந்த வழக்கமே கிடையாது."

கிளம்பலாம் என்று அண்ணாச்சியின் கையைத் தொட்டேன். அவர் நகரவில்லை.

"எனக்கு சாஸ்திரம் தெரியாது மாமி," என்றார். "வேல பாத்த காலம் பூரா என்னயப் பாத்தா ஜனம் ஓடிச்சு. தப்பு செஞ்சவனும் ஓடுனான், செய்யாதவனும் ஓடுனான். வீட்டுக்கு வந்த பெறவு சின்னப் பிள்ளைகளும் ஓடுது. என்னய நோக்கி வந்தது இந்த ஈ ஒண்ணுதான். அது வந்துட்டுப் போகட்டும்னுதாம் கேக்கேன். வேற ஒண்ணுமில்ல."

மாமி தன் கையைப் பார்த்தார். அது இன்னமும் பர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக விட்டார். உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. போகச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா தெரியாமல் நாங்கள் நின்றோம்.

திரும்பி வந்தபோது மாமியின் கையில் ஒரு பாட்டில் இருந்தது.

"சோமவாரம் அபிஷேகத்துக்கு வாங்கி வச்ச தேன்," என்றார். "வருஷா வருஷம் பண்றேன். பகவான் தலையிலேருந்து கால் வரைக்கும் இதைத்தான் விடறோம். இது எத்தனை வாய் எச்சில்?"

அண்ணாச்சி பாட்டிலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் உங்களைக் கேக்கலை. என்னைத்தான் கேட்டுக்கறேன்," என்றார் மாமி, கொஞ்சம் எரிச்சலோடு. பாட்டிலைக் கீழே வைத்தார். "உங்க ஈ எத்தனை மணிக்குக் குடிச்சு முடிக்கும்?"

அண்ணாச்சியின் முதுகு நிமிர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த கணக்கு. "எட்டுலேருந்து பத்தர வரைக்கும் பீக் அவர் மாமி. அதுக்கப்புறம் கூட்டம் கொறஞ்சிரும்."

"அப்ப நான் பதினொண்ணுக்கு வரேன். கூட்டத்துல இடிபட எனக்கும் முடியாது. மத்தவாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

மாமி சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு முன் ஒரு கை செடியில் படவில்லை. தேனீ திரும்பி வர ஒரு வாரம் ஆனது. முதல் பாஸ் ஹோல்டர் வந்து இறங்கியபோது அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். பெரிய அதிகாரி வந்தால் எழுந்து நிற்பார்களே, அது போல.

தை மாதம் பந்துகளைக் கசக்கினால் கறுப்புக் கறுப்பாக விதை உதிர்ந்தது. அடுத்த மழையில் துண்டு நிலம் பச்சையாக எழுந்தது. பூசணி, காய்த்துச் சுவரையே சாய்த்துவிடும் போல் ஆனது. என் மனைவி பெரிய துண்டாக ஒன்று வெட்டிச் செக்ரட்டரி வீட்டுக்கு அனுப்பினாள். அவர்கள் வீட்டில் எரிசேரி மணம் கீழ் வாசல் வரை வந்தது. அதற்குப் பிறகு நடந்த மீட்டிங்கில் பைக்கைப் பின்பக்கமே நிறுத்திக்கொள்ளலாம் என்று செக்ரட்டரி தானாகவே சொன்னார்.

"வாய்க்குள்ள பூசணி இருக்கும்போது கல்லு எப்படிங்க வெளிய வரும்," என்றாள் என் மனைவி.

போன வருடம் அண்ணாச்சிக்கு முழங்கால் மோசமானது. மகன் வந்து வாஷிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டூலும் ரிசர்வ்ட் பலகையும் இங்கேயே இருக்கின்றன. ஸ்டூலில் இப்போது மாமி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கட்டடத்திலிருந்து யாராவது பத்து மணிக்குப் பூப்பறிக்க வந்தால், "பீக் அவர் முடியலை, அப்புறமா வா," என்று திருப்பி அனுப்புகிறார். முகம்கூடக் கொஞ்சம் அண்ணாச்சி போலவே ஆகிவிட்டது.

வாஷியில் உயரமான கட்டடம். மகன் பால்கனியில் விலை கொடுத்து வாங்கிய தொட்டிச் செடிகள் வரிசையாக வைத்திருக்கிறானாம். தேனீ வருகிறதா என்று ஒரு நாள் போனில் கேட்டேன். "ஸ்டேசன் ஜோராக் கட்டியிருக்கான் தம்பி. ஒரு வண்டி நிக்க மாட்டேங்கு," என்றார்.

இந்த மழைக்கு முளைத்ததில் நல்ல செடியாக ஒன்றை மண்ணோடு எடுத்து, பழைய பெயின்ட் டப்பாவில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வருமா என்று எனக்குத் தெரியாது. வரும் என்று என் மனைவி சொல்லியிருந்தாள். கவுண்டரில் ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தேன். எங்கள் இருவருக்கும், போகவும் வரவும் சேர்த்து ஒரே டிக்கெட். அதை நான்தான் வைத்துக்கொள்வேன் என்று மகள் வாங்கிக்கொண்டாள். மான்குர்த் தாண்டி, கடலோடைப் பாலத்தைத் தாண்டி வாஷி வரும் வரைக்கும் உள்ளங்கையைத் திறக்கவில்லை.

நீளமான வராந்தா. கடைசிக் கதவு திறந்தது. வெள்ளை வேட்டியில் அண்ணாச்சி நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். முகம் அதே முகம்.

மகள் என் கையை உதறினாள். நான் மாடிப்படியைத் தேடுகிறாளோ என்று நினைத்தேன். அவள் நேராக அவரைப் பார்த்து ஓடினாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே, வேர்வையில் நனைந்து சுருண்டு கிடந்த டிக்கெட்டை நீட்டினாள்.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பிரித்தார். முன்னும் பின்னும் திருப்பி வெகு நேரம் பார்த்தார்.

"நான் கேக்கவே இல்லியே தாயி," என்றார்.

டிக்கெட்டை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயின்ட் டப்பாவை வாங்கிக்கொண்டு பால்கனிக்கு வழி காட்டினார்.

திரும்பி வரும்போது நாங்கள் வேறு டிக்கெட் எடுத்துக்கொண்டோம்.